மாப்பிள்ளைக்கு ஈரல்

சனிக்கிழமை காலை கறிக்கடைக்குப் போகும்போது கண்ணாடிக்காரன் மனைவியோடு சேர்ந்து நடக்க மாட்டான், சற்றுப் பின்தங்கியே வருவான். வெட்கம்தான் காரணம். கடையில் எத்தனை பேர் காத்து நின்றாலும் அவள் அவசரப்பட மாட்டாள். கல்யாணப் புடவை எடுக்கப் போனவர்கள்கூட அவ்வளவு நேரம் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். கோழிக் கழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வளைத்துப் பார்ப்பாள். இளசாக வளைந்தால் பைக்குள் போகும், முற்றி விறைத்திருந்தால் தட்டுக்கே திரும்பும். பச்சை எலும்பு பல்லுக்கிடையில் நொறுங்க வேண்டும், பிளந்து குத்தக் கூடாது என்பது அவள் சட்டம். ஆட்டின் நெஞ்செலும்பு சரி, கோழியின் முதுகுக்கூடு சரி. மாட்டின் தொடையெலும்பை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்க மாட்டாள், கடித்தால் நாய்க்குப் பல் தெறித்துவிடும். அதற்குப் பிறகு சதை, கொத்துக்கறி, இருதயம், மண்ணீரலில் ஒரு துண்டு. எல்லாம் முடிந்து கடைசியில்தான் ஈரல். “ஒரு நாளைக்கு ஒரு கட்டைவிரல் அளவு போதும்க்கா, அதுக்கு மேல ஒரு துணுக்குகூட வேணாம்” என்று வாராவாரம் சொல்வாள். கறிக்கடை அக்காவும் முதல் தடவை கேட்பதுபோலவே தலையாட்டுவாள்.

நாயின் பெயர் மாப்பிள்ளை. குட்டியாக வீட்டுக்கு வந்த அன்றைக்குத் தட்டை வைத்தால் சாப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தடவிக்கொடுத்து, “சாப்பிடு, சாப்பிடு” என்று பல முறை உபசரித்த பிறகுதான் வாய் வைத்தது. “இதென்ன, மறுவீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி பிகு பண்ணுது” என்றாள் அவள். பெயர் ஒட்டிக்கொண்டது. விஷயம் தெரியாத யாராவது கறிக்கடையில் நிற்கும்போது அக்கா வேண்டுமென்றே குரலை உயர்த்தி, “மாப்பிள்ளைக்கு இன்னிக்கும் கழுத்தெலும்புதானா?” என்று கேட்பாள். நிற்பவர்கள் கண்ணாடிக்காரனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அவனுக்குத் தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை. பவர் பார்ப்பது, கண்ணாடியைச் சட்டத்துக்குத் தக்கபடி தேய்ப்பது, தளர்ந்த காதுக்கம்பியை இறுக்கிக் கொடுப்பது என்று நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. அவளுக்கு வெளியூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. உச்சியில் தொங்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, ஆட்கள் நடமாடும் தளத்துக்கு மேலாக லாரி அளவுப் பெட்டிகளைக் கப்பலிலிருந்து இறக்கி வைப்பவள். கீழே இருப்பவர்கள் அவளை ‘மேல அக்கா’ என்பார்கள். திங்கள் விடியலில் போனால் வெள்ளி மாலைதான் வருவாள். வீட்டில் அவர்கள் இரண்டு பேர், மூன்றாவது மாப்பிள்ளை. பிள்ளை குட்டி இல்லை.

பாக்கெட் தீனி ஒத்துக்கொள்ளாமல் மாப்பிள்ளை வாந்தியும் சொறியுமாகக் கிடந்தபோதுதான் அவள் பச்சைக் கறிக்கு மாறினாள். விளையாட்டாக மாறவில்லை. டாக்டர்களைக் கேட்டாள், நாய் வளர்ப்பவர்களை நச்சரித்தாள், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தாள். ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, தராசை வைத்து, எலும்பு இவ்வளவு, சதை இவ்வளவு, ஈரல் இவ்வளவு என்று நிறுத்து, நாளுக்கொரு டப்பாவாக அடைத்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டுப் போவாள். அந்த ஃப்ரிட்ஜில் மனிதர்களுக்கென்று மிஞ்சியது கதவுத் தட்டு மட்டும். அடுத்த நாள் டப்பாவை முதல் நாளே எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்து, பனி விட்டதும் கொடுப்பது ஒன்றுதான் கண்ணாடிக்காரன் வேலை. அதற்குக் கூலி, மாலையில் அவளிடமிருந்து ஒரு போன்.

அந்த போன்தான் அவனை உறுத்தியது. எடுத்ததும் முதல் கேள்வி, “அவன் சாப்பிட்டானா?” இரண்டாவது கேள்வி, “நீ சாப்பிட்டியா?” என்றைக்கும் இந்த வரிசை மாறியதில்லை. தாலி கட்டியவன் இரண்டாவது, வாலாட்டுகிறவன் முதலாவது என்று அவன் மனதுக்குள் புழுங்குவான். முதல் கேள்வியை அவள் விசாரணைபோலக் கேட்டுவிட்டு இரண்டாவது கேள்விக்கு வரும்போது குரலைத் தணித்துக்கொள்வாள் என்பதை அவன் கவனித்ததே இல்லை. ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிறவன், காதை வைத்துக்கொண்டு என்ன செய்தானோ.

மாப்பிள்ளைக்கும் அவன்மேல் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அவன் வைத்ததைத் தின்னும், தின்றதும் போய் வாசல் கதவை ஒட்டிப் படுத்துக்கொள்ளும். திங்கள் முதல் வெள்ளி வரை அந்தக் கதவுதான் அதற்கு எல்லாம். கூப்பிட்டால் காதை மட்டும் அசைக்கும். வெள்ளிக்கிழமை மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், வீடே அதிரும்படி குதித்து அவள் தோளில் காலைப் போட்டு முகத்தை நக்கும். அவளும் பையைக்கூட இறக்காமல் அதைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பின்னால் நிற்கிற கண்ணாடிக்காரனுக்குத் தன் வீட்டிலேயே தான் விருந்தாளியாகிவிட்டதுபோல இருக்கும். மனிதனுக்குப் பொறாமை யார்மேல் வரும் என்று சொல்ல முடியாது. இவனுக்கு நாய்மேல் வந்தது.

ஒரு நாள் டப்பாவை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைக்க மறந்துபோனான். மாலையில் பார்த்தால் கல்லாக இருந்தது. கறிக்கடைக்கு ஓடினான். அக்கா கடையைக் கழுவிக்கொண்டிருந்தாள், மிச்சம் இருந்தது ஒரு முழு ஆட்டு ஈரல் மட்டும். வேறு வழியில்லாமல் அதை வாங்கிவந்து துண்டு போட்டு, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையில் வைத்து நீட்டினான். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு தின்றது. தின்று முடித்து உள்ளங்கையை ரேகை தேயும் அளவுக்கு நக்கியது. பிறகு கதவுப் பக்கம் போகவில்லை. அவன் மடியில் தலையை வைத்து ஒரு பெருமூச்சு விட்டது.

கண்ணாடிக்காரன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கால் மரத்துப்போனது, எழவில்லை. யாராவது தன்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டான். அங்கேயே நிறுத்தியிருந்தால் இதில் கதை ஒன்றும் இல்லை.

அவன் நிறுத்தவில்லை. மறுநாளும் வாங்கினான், அதற்கு மறுநாளும் வாங்கினான். நாய்க்கு என்று சொன்னால் அக்கா சனிக்கிழமை அவளிடம் சொல்லிவிடுவாள். அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தான். மனைவிக்கு ரத்தம் குறைந்துவிட்டது, டாக்டர் தினமும் ஈரல் கொடுக்கச் சொல்லியிருக்கிறார், ஆனால் அவளுக்கு ஈரல் என்றாலே குமட்டும், தெரியாமல் குழம்பில் மசித்துக் கலந்து கொடுக்கிறேன், தயவுசெய்து காட்டிக்கொடுத்துவிடாதீர்கள் என்று அக்காவிடம் ஒரு கதை கட்டினான். அவள் துறைமுகத்துக்குத் தினம் போய்வருகிறாள் என்று நினைத்திருந்த அக்கா அதை அப்படியே நம்பினாள். நம்பியதோடு உருகியும் போனாள். அன்றிலிருந்து நல்ல ஈரலாகப் பார்த்துத் தனியே எடுத்துவைத்தாள். பக்கத்தில் நிற்கும் பெண்களிடம், “புருஷன்னா இப்படி இருக்கணும்” என்று அவனைக் காட்டிச் சொன்னாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவனுக்குக் குறுகுறுத்தது, ஆனாலும் பொட்டலத்தை வாங்கிக்கொண்டுதான் வந்தான்.

ஈரலின் ருசி கண்ட மாப்பிள்ளை டப்பாவைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டது. சனி, ஞாயிறில் அவள் உட்கார்ந்து உபசரித்தால் மட்டும் தின்னும், குட்டியிலிருந்தே பிகு பண்ணுகிறதுதானே என்று அவளும் சந்தேகப்படவில்லை. டப்பாவை என்ன செய்வது? கடைக்குப் பின்னால் இருக்கும் சந்தில் தெருநாய்களுக்குக் கொட்டினான். அவள் வளைத்துப் பார்த்துத் தேர்ந்த கழுத்தும், நிறுத்துப் போட்ட சதையும் தினமும் அங்கே போயின. சில மாதத்தில் அந்தச் சந்து நாய்களுக்குச் சொறி போய், ரோமம் பளபளவென்று மின்ன ஆரம்பித்தது. கண்ணாடிக்கு வந்த ஒரு கிழவர்கூட, “உங்க ஏரியா நாயெல்லாம் என்ன, குதிரை மாதிரி இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போனார். கண்ணாடிக்காரன் சிரித்துவைத்தான். மாலையில் போன் வரும்போது, “சாப்பிட்டான்” என்பான். அது பொய் இல்லை என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொள்வான்.

மழை போய் வெயில் வந்து, மறுபடி மழையும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் வந்தபோது மாப்பிள்ளை எழுந்து போய் வாலை ஆட்டியது, கையை முகர்ந்தது, திரும்பி வந்து கண்ணாடிக்காரன் காலடியில் படுத்துக்கொண்டது. அவள் கட்டிக்கொள்ள விரித்த கைகளை மெதுவாகக் கீழே போட்டாள். அவனுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். ஜெயித்துவிட்டான். அந்தத் துள்ளல் அடங்குவதற்குள் அவள் சொன்னாள், “நல்லதுதான். நான் இல்லாதப்ப உனக்கு ஒரு துணை வேணுமேன்னு எனக்குக் கவலையாவே இருந்துச்சு.” சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவனுக்குத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் திங்கட்கிழமை மாலை அதே கால்கள் கறிக்கடைக்குத்தான் போயின.

நோயை முதலில் பார்த்தவளும் அவள்தான். தட்டைத் தரையில் வைத்தால் மாப்பிள்ளை குனியாமல் நின்றது. பக்கவாட்டில் கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்ந்து திரும்பியது. கழுத்தில் கையை வைத்தபோது, ஒருநாளும் அவளைப் பார்த்து உறுமாதது உறுமியது. “எப்ப இருந்து இப்படி இருக்கான்?” என்று கேட்டாள். அவன் கவனிக்கவில்லை என்றான். அது நிஜம். அவன்தான் கையில் வைத்து ஊட்டிக்கொண்டிருந்தானே, அது குனிகிறதா இல்லையா என்று பார்க்க அவனுக்கு வாய்ப்பே வரவில்லை.

நாய் டாக்டர் ரத்தம் எடுத்தார், எக்ஸ்ரே எடுத்தார். வெளிச்சப் பெட்டியில் படத்தை மாட்டிக் காட்டினார். கழுத்து எலும்புகளுக்கு நடுவே, மெழுகுவத்தி உருகி வழிந்து இறுகியதுபோல, இருக்கக் கூடாத இடத்தில் எலும்பு வளர்ந்திருந்தது. அளவுக்கு மீறி ஈரல் கொடுத்தால் இப்படி ஆகும் என்றார். அதில் இருக்கும் வைட்டமின் உடம்பில் சேர்ந்து சேர்ந்து விஷமாகிவிடுமாம். வளர்ந்த எலும்பு கரையாது, கழுத்து இனிமேல் பழையபடி வளையாது. ஈரலை அடியோடு நிறுத்தினால் வலி குறையும், மேலும் வளராது. சாப்பாட்டை உயரத்தில் வைத்துக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கழுத்து, நெஞ்செலும்பு, சதை, இருதயம், கட்டைவிரல் அளவு ஈரல். அதையெல்லாம் நிறுத்துப் போடும் தராசைப் பற்றிக்கூடச் சொன்னாள். டாக்டர் அவளை இரக்கத்தோடும் கொஞ்சம் எரிச்சலோடும் பார்த்தார். கட்டைவிரல் அளவால் இது வராதம்மா, எங்கேயோ உங்கள் கணக்குத் தவறியிருக்கிறது, நாலு இடத்தில் படித்துவிட்டு வீட்டிலேயே இந்தப் பச்சைக் கறி வைத்தியம் செய்கிறவர்கள் பலபேர் இங்கேதான் வந்து நிற்கிறார்கள் என்றார்.

கண்ணாடிக்காரனுக்கு ஈரக்குலை நடுங்கியது. திருடனைத் தேள் கொட்டியதுபோல வாயை மூடிக்கொண்டு நின்றான். சொல்லியிருக்கலாம். யாரும் குறுக்கே வரவில்லை, போன் அடிக்கவில்லை. டாக்டர் மருந்து எழுதி முடிக்கும்வரை அறை அமைதியாகவே இருந்தது. அவன் நாயின் தலையைத் தடவிக்கொண்டு நின்றான், அது அவன் இடது கையை நக்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் தராசை எடுத்து மேசையில் வைத்தாள். பிரிக்காத சர்க்கரைப் பாக்கெட்டை வைத்து நிறுத்துப் பார்த்தாள். தராசு சரியாகத்தான் காட்டியது. அது பொய் சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். “அப்ப என் கைதான்” என்றாள். ஒரு வாரக் களைப்பில், ஞாயிறு மதியத் தூக்கக் கலக்கத்தில், ஈரலை இரண்டு தரம் போட்டிருப்பேன், சதை என்று நினைத்து ஈரலையே நிறைத்திருப்பேன் என்று ஒவ்வொன்றாக யோசித்துச் சொன்னாள். இல்லாத தப்புக்கு அவள் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருந்ததை அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு அவள் சொன்னது அவன் எதிர்பார்க்காதது. “வேலையை விட்டுடறேன்.”

எதற்கு என்று கேட்டான்.

“கண்ணு முன்னாடி தராசு வெச்சு நிறுத்ததுலயே தப்பு பண்ணியிருக்கேன், அதுவும் மாசக்கணக்கா. அங்க கீழ ஆளுங்க நடக்கறாங்க. நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போறேன். தன் கை மேலயே சந்தேகம் வந்தவ அந்த சீட்ல உக்காரக் கூடாது.” திங்கட்கிழமை போய் எழுதிக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொன்னாள். அந்தச் சீட்டுக்கு வர அவள் எத்தனை பரீட்சை எழுதினாள், எத்தனை பேர் கேலியைத் தாங்கினாள் என்பது அவனுக்குத் தெரியும். முதல் தடவை தனியாகக் கிரேன் ஓட்டிய அன்று போனில் குழந்தைபோல அழுதவள்.

இதைக் கேட்டதும் அவன் மனதில் முதலில் வந்தது பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம். இனிமேல் இவள் வீட்டிலேயே இருப்பாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நாயும் இவனுடையது, மனைவியும் இவனுடையவள். அந்த நினைப்பு ஒரு நொடிதான் இருந்தது. ஆனால் அது தன் மனதில்தான் வந்தது என்று தெரிந்தபோது அவனுக்கு உடம்பு கூசியது. நாளை காலை எழுந்ததும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தான்.

மறுநாள் சனிக்கிழமை. எழுந்ததும் சொல்லவில்லை, காப்பி குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தான். காப்பி ஆனது. அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கறிக்கடைக்குப் போய் வாராந்தரக் கறி இனி வேண்டாம் என்று சொல்ல வேண்டும், கொத்துக்கறியில் ஈரல் ஏதாவது கலந்துபோகிறதா என்றும் கேட்க வேண்டும் என்றாள். நான் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேனே என்றான். தானே கேட்டால்தான் மனசு ஆறும் என்றாள். அன்றைக்கு அவன் பின்தங்கி வரவில்லை, பக்கத்திலேயே நடந்தான். வழியில் ஒரு தடவை, “இங்க பாரு…” என்று ஆரம்பித்தான். அவள் நின்று திரும்பிப் பார்த்தாள். ராத்திரி முழுக்க அழுது வீங்கியிருந்த அந்தக் கண்ணைப் பார்த்ததும், “பாத்து வா, பள்ளம்” என்று முடித்தான்.

கடையில் கூட்டம் குறைவு. அவள் கொத்துக்கறியைப் பற்றிக் கேட்டதும் அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தன் கையால் கொத்துவது, சதையைத் தவிர வேறு எதுவும் போகாது, இத்தனை வருஷத்தில் யாரும் இப்படி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று பொரிந்தாள். அவள் மன்னிப்புக் கேட்டாள். கேட்கும்போதே குரல் உடைந்து, கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நாய் முடமாகிவிட்டது, தான்தான் காரணம், வேலையையும் விடப் போகிறேன் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். அக்காவின் கோபம் போன இடம் தெரியவில்லை. கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெளிறிப்போன முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். கண்ணாடிக்காரன் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினான். அக்கா அவனைப் பார்த்தாள். பாவம், நல்லது செய்துவிட்டு வெளியே சொல்லக் கூச்சப்படுகிற மனிதன் என்று நினைத்துக்கொண்டாள்.

“அழாதம்மா. ஏற்கெனவே ரத்தம் இல்லாத உடம்பு. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு, இருந்தாலும் சொல்றேன். உன் வீட்டுக்காரர் மாதிரி ஒரு மனுஷன் கிடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும். ஒரு வருஷமா, வேலை நாள்ல ஒரு நாள் தவறாம, ஒரு முழு ஈரல் வாங்கிட்டுப் போறாரு. உனக்குப் பிடிக்காதாமே, தெரியாம குழம்புல மசிச்சு ஊத்தறாராம். அப்படிப்பட்டவர் கூட இருக்கும்போது உனக்கு என்னம்மா குறை?”

அவள் அழுகை நின்றது. கண்ணாடிக்காரன் தரையைப் பார்த்தான். கழுவிவிட்ட தண்ணீர் சாக்கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது இவள் கத்தப் போகிறாள், கத்தினால்கூட நல்லது என்று நினைத்தான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆமாக்கா” என்றாள். “இப்ப ரத்தம் ஏறிடுச்சு. இனிமே அவர் வந்து ஈரல் கேட்டா குடுக்காதீங்க.” குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பிறகு தட்டிலிருந்து ஒரு கோழிக் கழுத்தை எடுத்து வளைத்துப் பார்த்தாள். அடுத்ததை எடுத்தாள். எப்போதும்போல எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எடுத்தாள், ஈரலைத் தவிர. பையை அவனிடம் கொடுக்காமல் தானே தூக்கிக்கொண்டாள்.

வழியில் அவன் சொல்ல ஆரம்பித்தான். மறந்துபோன டப்பா, மடியில் வைத்த தலை, சந்து நாய்கள், நாய் டாக்டர் அறையில் பேசாமல் நின்றது, நேற்று ஒரு நொடி சந்தோஷப்பட்டது, அதைக்கூட மறைக்காமல் சொன்னான். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நடந்துகொண்டே இருந்தாள். வீட்டுப் படியில் கால் வைக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“மாட்டிக்கிட்டப்புறம் சொல்றதுக்குப் பேரு ஒத்துக்கறது இல்ல.”

பையைக் கை மாற்றிக்கொண்டாள். “நீ அவனுக்குக் குடுத்ததைக்கூட மறந்துடுவேன். தனியா இருந்த, ஏதோ பண்ணிட்ட. நேத்து நான் அந்தத் தராசுல சர்க்கரையை வெச்சுப் பாத்துட்டு இருந்தேன். நீ பக்கத்துலதான் நின்ன.”

சொல்லிவிட்டுப் படி ஏறினாள். ஞாயிறு மதியம் மேசையில் பேப்பரை விரித்தாள். தராசை வைத்தாள். அவள் கை முன்னைப்போலவே தயங்காமல் நிறுத்தது, பிரித்தது, அடைத்தது. அவன் மூடிகளை எடுத்துக் கொடுத்தான், அவள் வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளையின் தட்டை வைக்கப் பழைய ஸ்டூலின் காலை அறுத்து உயரம் சரிசெய்தாள். சமையலறையில் அவன் உட்கார்ந்து ஈரல் ஊட்டின ஸ்டூல்தான் அது. அவளுக்கு அது தெரியாது. அவன் சொன்னவற்றில் அது ஒன்றுதான் விட்டுப்போயிருந்தது.

திங்கள் விடியலில் அவள் வேலைக்குப் போனாள். எழுதிக் கொடுக்கப் போகவில்லை, கிரேன் ஓட்டப் போனாள். வாசலில் மாப்பிள்ளையின் முன் மண்டியிட்டு, கழுத்தைத் தொடாமல் நெற்றியில் மட்டும் முத்தம் கொடுத்தாள். அது வாலை ஆட்டிவிட்டு, உடம்போடு திரும்பி, கண்ணாடிக்காரன் எங்கே என்று பார்த்தது. அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோலப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

அன்று மாலை டப்பாவைத் திறந்து ஸ்டூலில் வைத்தான். மாப்பிள்ளை அதைச் சட்டை செய்யவில்லை. அவன் இடது கையைத் தேடி வந்து முகர்ந்தது. ஒன்றும் இல்லாத உள்ளங்கையை நக்கிவிட்டு நிமிர முடியாத கழுத்தோடு கண்ணை மட்டும் உயர்த்தி அவனைப் பார்த்தது. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். அது அவனை மன்னிக்கவும் இல்லை, மன்னிக்க ஏதோ இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. அவன் தரையில் உட்கார்ந்து கோழிக் கழுத்தை எடுத்து அதன் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “சாப்பிடுடா, சாப்பிடு” என்று சொல்லிக்கொண்டே இருந்தான். உபசரித்து உபசரித்து, வெளியே விளக்குப் போடும் நேரத்துக்குத்தான் அது வாய் வைத்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

தின்று முடித்து, முதல் நாளைப்போலவே, அவன் மடியில் மெதுவாகத் தலையை வைத்தது. அப்போது போன் அடித்தது.

“அவன் சாப்பிட்டானா?”

“சாப்பிட்டான். கழுத்து, அப்புறம் சதை. டப்பாவுல இருந்ததுதான்.”

“சரி.”

அவன் போனைக் காதில் அழுத்திக்கொண்டான். அந்தப் பக்கம் துறைமுகத்தின் இரைச்சலும் அவள் மூச்சும் கேட்டன. இரண்டாவது கேள்விக்காக அவன் காத்திருந்தான். சாப்பிடவில்லை என்று இன்றைக்கு உண்மையையே சொல்லலாம் என்றுகூட நினைத்தான். அவள் போனை வைத்துவிட்டாள்.